ஈய எழுத்துக்கு அடியில்

எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். "டாக்டர் பாத்து சொல்லுவார்." பொத்தானை அமுக்கத் தெரிகிறதோ இல்லையோ, இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். படத்தில் எலும்பு இரண்டாகக் கிடந்தாலும் சரி, நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தாலும் சரி, முகத்தில் ஒரு சுருக்கம் விழக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு, "சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய உக்காருங்க, டாக்டர் பாத்து சொல்லுவார்" என்று அனுப்பிவிட வேண்டும். வந்தவர் சும்மா போகமாட்டார். "தினம் பாக்கற ஆளு நீங்க, உங்களுக்குத் தெரியாததா? சும்மா சொல்லுங்க" என்று கெஞ்சுவார். சொல்லக் கூடாது.

அந்த ஆஸ்பத்திரியில் படக்காரர் என்று எல்லோராலும் கூப்பிடப்பட்டவர் பத்தொன்பது வருடம் இந்த விதியைக் காப்பாற்றினார். வாசல் காவலாளி கேட்டிருக்கிறார், தலைமை நர்ஸ் கேட்டிருக்கிறார், பெரிய டாக்டரின் தாயாரே முழங்காலை நீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். யாருக்கும் வாயைத் திறந்தவரில்லை. இத்தனை வருடத்தில் அவர் விதியை மீறியது ஒரே ஒரு ஆளுக்காக. கட்டின மனைவிக்காக. அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது, என்னத்தைச் சொல்ல.

மனைவி பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி, அவ்வளவுதான் கடை. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். அவள் கத்தரி பிடிக்கிற விதமே தனி. கத்தரியைத் திறந்து மூடுவதுதான் விரலின் வேலை. மிச்சமெல்லாம் மணிக்கட்டு. பின்கழுத்துக்கு வரும்போது உள்பக்கம் மடியும், காதோரத்தில் வெளிப்பக்கம் திரும்பும், நெற்றி முடிக்கு மேலே தூக்கி நிற்கும். அந்த மணிக்கட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். படக்காரருக்கும் அவள்தான் வெட்டிவிடுவாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்து. "ஆடாதீங்க. காது போச்சுன்னா அப்புறம் கண்ணாடி மாட்ட எடம் இருக்காது" என்று மிரட்டிக்கொண்டே வெட்டுவாள்.

அவள்தான் ஒரு நாள், "ஏங்க, கட்டவிரலுக்கு அடியில என்னமோ குடையுதுங்க" என்றாள்.

"வேலை அதிகம். வேற என்ன?"

"வேலை எப்பவும்தான் இருக்கு. குடைச்சல் இப்பத்தான வருது?"

அதுவும் நியாயம்தான். மதியம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த எக்ஸ்ரே அறையில் மதியம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. ஊழியர் வீட்டு ஆட்களுக்குச் சீட்டு இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். மெஷின் பெயர் கேட்கும். 'டெஸ்ட்' என்று அடித்து ஒரு எண்ணைப் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். அப்படி எத்தனையோ மாமனார்களின் இடுப்பும் அத்தைகளின் முழங்காலும் டெஸ்ட் என்ற ஒரே பெயரில் அந்த மெஷினுக்குள் கிடந்தன. யாருக்கும் நஷ்டமில்லை, எல்லோருக்கும் உபகாரம். ஒரே ஒரு குறை, சீட்டு இல்லாத படம் டாக்டரின் மேஜைக்குப் போகாது. எடுத்தவர் பார்த்ததுதான் பார்வை, எடுத்தவர் சொன்னதுதான் தீர்ப்பு.

மனைவி பசியோடு வந்து நின்றாள். "சீக்கிரம் எடுங்க, கடையில ஒருத்தி ஈரத்தலையோட உக்காந்திருக்கா." படக்காரர் கையைப் பலகையில் வைத்தார். வேண்டிய இடத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூடக் கதிர் படக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கதிர் விழும் இடத்தைக் காட்டுகிற வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கி, சுருக்கி, கட்டை விரலும் அதன் அடியும் மட்டும் இருக்கும்படி வைத்தார். மணிக்கட்டின் முனை கட்டத்தின் கீழ் ஓரத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பிறகு ஈய எழுத்து. வலது கையா இடது கையா என்று காட்ட ஒவ்வொருவரும் ஓர் ஈய எழுத்து வைத்திருப்பார்கள். ஈயத்தைக் கதிர் துளைக்காது, அதனால் படத்தில் வெள்ளையாக விழும். எடுத்தது யார் என்று தெரிய, எழுத்துக்குக் கீழே அவரவர் எண் இருக்கும். இவருடையது ஏழு. எழுத்தைப் படத்தில் காலியான மூலையில் வைக்க வேண்டும். கட்டம் சின்னது, மூலைகளில் விரல்கள். கீழ் ஓரத்தில் வைத்தார்.

திரையில் படம் வந்தது. கட்டை விரல் மூட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடி போலச் சுத்தம். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகித் திறக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

"ஒண்ணுமில்ல."

"நெஜமாவா?"

"நான் சொல்றேன்ல? எத்தன கையப் பாத்திருப்பேன்!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வாங்கிக் கொடுத்த எலாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொண்டு ஈரத்தலைக்காரியிடம் ஓடினாள். அந்தப் பட்டையோடு பத்து மாதம் வேலை செய்தாள். நடுவில் வலி கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. யாராவது கேட்டால், "எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரே பாத்தாரு" என்று பெருமையாகச் சொல்வாள்.

பத்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈரத்துண்டைப் பிழிந்தாள். துண்டைத்தான் பிழிந்தாள், பாறையை உடைக்கவில்லை. மணிக்கட்டில் மளுக்கென்று ஒரு சத்தம். நாற்காலியில் இருந்த பெண்ணுக்கே அது கேட்டதாம்.

இந்தத் தடவை சீட்டோடு வந்தாள். படக்காரர்தான் எடுத்தார். திரையில் வந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார். முன்கையின் பெருவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டில் முடிகிற இடம் ஊதி, உள்ளே சோப்பு நுரைபோல அறை அறையாக, வெளிச்சுவர் முட்டை ஓட்டின் கனத்துக்கு மெலிந்து, ஒரு பக்கம் சுவரே இல்லாமல் திறந்து கிடந்தது. அதன் நடுவில்தான் முறிவு.

எலும்புக் கட்டிகளை அவர் பார்க்காதவரா? முழங்காலுக்குப் பக்கத்தில் கொம்புபோல எலும்பு முளைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். தொந்தரவு பண்ணாதவரை அதை அப்படியே விட்டுவிடுவார்கள். குதிகாலில் ஓட்டை, தோளில் நீர்ப்பை, தானாகவே மூடிக்கொள்கிற பள்ளம், எல்லாம் தெரியும். ஓரம் பென்சிலால் கோடு போட்டதுபோல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, ஓரமே தெரியாமல் கலங்கியிருந்தால் டாக்டர்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். இது இரண்டுக்கும் நடுவில் நின்றது.

கதவைத் திறந்தார். மனைவி இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க?"

"டாக்டர் பாத்து சொல்லுவார்."

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கேவா?"

கைக்குக் கட்டுப் போட்டு அவளைப் படுக்க வைத்த பிறகு, படக்காரர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து டெஸ்ட் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நாற்பது, ஐம்பது இடுப்புகளைத் தாண்டி அது வந்தது. கட்டை விரல். கண்ணாடி போலச் சுத்தம். கீழ் ஓரத்தில் பளீரென்று வெள்ளையாக அவருடைய எழுத்து, அதற்கடியில் ஏழு. எழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு பிறை வெளியே தெரிந்தது. கட்டை விரல் நகத்தளவு இருக்கும் அந்தக் கட்டி. பாதியை எழுத்து மூடியிருந்தது. மீதிப் பாதி அப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை. படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் எலும்பு டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார்.

"எத்தன நாளா வலி?"

"பத்து மாசம் இருக்கும் டாக்டர்" என்றாள் மனைவி.

"அப்போ ஏதாச்சும் படம் எடுத்தீங்களா? பழைய படம் இருந்தா ரொம்ப உபயோகம். என்ன வேகத்துல வளருதுன்னு தெரியும்."

"இல்ல" என்றார் படக்காரர்.

மனைவி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.  டாக்டர் எழுதிக்கொண்டார்.

பிறகு விளக்கினார். இந்த வயதில், எலும்பின் முனையில், இந்த மாதிரி வருவது பெரும்பாலும் ராட்சத செல் கட்டி என்பார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். கழுத்தில் இருக்கிற சின்னச் சுரப்பி கோளாறு பண்ணினாலும் எலும்பு இதே மாதிரி தெரியும், அதனால் ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். கையை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், நெஞ்சையும் ஒரு படம் பிடிக்க வேண்டும். "எப்பவாவது அபூர்வமா நுரையீரலுக்குப் போகும். பயப்படாதீங்க, வழக்கத்துக்குப் பாக்கறதுதான்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மனைவி கேட்டாள்.

"ஏன் இல்லேன்னு சொன்னீங்க?"

"அது டெஸ்ட் பேர்ல எடுத்தது. சீட்டு இல்லாம எடுத்தேன்னு தெரிஞ்சா வேலைக்கு உலை."

"ஓ." பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். "சரிதான். அதான் அதுல ஒண்ணும் இல்லையே, காட்டி என்ன ஆகப்போகுது?"

 பஸ் வந்தது, ஏறினார்கள்.

சோதனை முடிவுக்குப் பத்து நாள் காத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர் வேண்டாத சாமி இல்லை. அதிலும் ஒரு கேவலம் உண்டு, அதை மறைப்பானேன். கெட்ட கட்டியாக இருந்துவிட்டால் தன் தப்பு அந்தப் பெரிய விபரீதத்துக்குள் தொலைந்துபோகும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டார். அன்று முழுக்க அவரால் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முடிவு வந்தது. டாக்டர் சொன்னதுதான். புற்றுநோய் இல்லை. நெஞ்சும் சுத்தம், ரத்தமும் சரி.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். மனைவியின் அக்கா வந்து கட்டிப்பிடித்து அழுதாள். "போதும்டி, உயிர் தப்பிச்சது. கை கெடக்கு, கை!" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கடைக்கு வருகிற பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பேச்சு. நல்ல கட்டிதானாமே, நல்ல காலம், நல்லவேளை. அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். கூட்டம் போன பிறகு, "நல்ல பாம்புன்னு சொல்ற மாதிரி இதையும் நல்ல கட்டிங்கறாங்க" என்றாள் படக்காரரிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உயிர் தப்பியவள் கைக்காக அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அழவும் விடாமல் வாயை அடைத்துவிட்டது அந்த நல்ல சேதி.

அடுத்த வாரம் டாக்டர் படத்தைத் திரையில் போட்டு அறுவை சிகிச்சையை விளக்கினார். கட்டி எலும்பின் சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டது, மூட்டின் பரப்பையும் தின்றுவிட்டது. கட்டியைச் சுருக்க ஒரு ஊசி உண்டு, ஆனால் மூட்டே போன பிறகு அதனால் மூட்டு திரும்ப வராது. அதனால் முனையை ஏழு சென்டிமீட்டர் வெட்டி எடுத்துவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற மெல்லிய எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்து, நீளமான தகடு போட்டுக் கையோடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள்.

"விரல் எல்லாம் அசையும். எழுதலாம், சாப்பிடலாம், பை தூக்கலாம்."

"மணிக்கட்டு டாக்டர்?"

"மணிக்கட்டு மடங்காது, அம்மா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு, படக்காரர் எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை நாள் நடுங்கிக்கொண்டிருந்தாரோ, அதையே கேட்டாள்.

"பத்து மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அப்போ சின்னதா இருந்திருக்கும். உள்ள சுரண்டி எடுத்துட்டு, எலும்பு சிமெண்டு வெச்சு அடைச்சிருப்போம். மணிக்கட்டு அப்படியே இருந்திருக்கும். மூணு நாலு மாசத்துல நீங்க கத்தரி பிடிச்சிருப்பீங்க." உடனே தன் தப்பை உணர்ந்தவர்போல் அவசரமாகச் சேர்த்தார், "ஆனா அது உங்க தப்பு இல்லம்மா. வெளிய ஒரு வீக்கமும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணும்?"

மனைவி படக்காரரைப் பார்க்கவில்லை. படக்காரர் தரையில் இருந்த ஓட்டின் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் புலம்ப ஆரம்பித்துவிட்டாள். கணவனைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. தன்னையே திட்டிக்கொண்டாள். "எம்மேலதாங்க தப்பு. நீங்க எடுத்தப்ப இல்ல. அதுக்கப்புறம் வந்திருக்கு. வலி கூடினப்பவே இன்னொரு தடவ எடுங்கன்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். கடை, கடைன்னு கெடந்தேன். பேராசை. எனக்கு வேணும் இது." சமையலறையில் ஒற்றைக் கையால் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். அக்காவிடம் போனில் சொன்னாள். படக்காரரிடம் மன்னிப்பே கேட்டாள், "உங்களுக்கும் எவ்ளோ அலைச்சல் பாருங்க, என் அசட்டையால" என்று. அவர் செய்த பாவத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடமாடினாள். அவர் பார்த்துக்கொண்டு சோறு தின்றார். தின்றது உடம்பில் ஒட்டவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"காடு மாதிரி வளத்து வெச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரியில நாலு பேர் பாப்பாங்க. எங்கயாச்சும் போய் வெட்டிக்கிட்டு வாங்க."

"வேணாம்."

"இனிமே நானா வெட்டப்போறேன்? எனக்கிருந்த கொழுப்புக்கு நீங்களும் சேந்து அனுபவிக்கணும்னு எழுதியிருக்கு."

சவரக்கத்தியைக் கழுவாமல் வைத்துவிட்டு அவர் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாதி முகத்தில் நுரை.

"அப்பவே இருந்துச்சு" என்றார்.

"எது?"

"கட்டி. நான் எடுத்த படத்துலயே இருந்துச்சு. நான்தான் பாக்கல."

 அவர் எழுந்துபோய்க் கைப்பேசியைக் கொண்டுவந்து அந்தப் படத்தைக் காட்டினார். அவள் இடது கையில் வாங்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க இருக்கு?"

அவர் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்த வெள்ளையா இருக்கறது?"

"அது என் எழுத்து. யாரு எடுத்தாங்கன்னு தெரியறதுக்கு வெக்கறது."

"இத ஏன் இங்க வெச்சீங்க?"

"காலியா இருக்கற எடத்துல வெக்கணும்."

"இது காலி எடமா?" என்றாள்.

 நுரை காய்ந்து முகத்தை இழுத்தது.

"டாக்டர்கிட்ட இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "பெரிய டாக்டர்கிட்டயும் எழுதிக் குடுத்துடறேன். என்ன பண்ணணுமோ பண்ணட்டும்."

"எதுக்கு?"

"நான் செஞ்சதுக்கு..."

"சொன்னா என் மணிக்கட்டு மடங்குமா?" குரல் ஏறவே இல்லை. குரலை ஏற்றியிருக்கலாம், கைப்பேசியைச் சுவரில் எறிந்திருக்கலாம். அவர் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றார். "உங்க வேலையும் போயி, ரெண்டு பேரும் வீட்டுல மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரலாம்னா? ஒரு ஆளு கையாவது ஓடட்டும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நீங்க சொல்லி நிம்மதியாயிட்டா, நான் எங்க போவேன்?"

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடிக்கப் போனாள். ஒற்றைக் கையால் மடித்தாள். அவர் உதவிக்குப் போனபோது, "விடுங்க, பழகிக்கறேன்" என்றாள்.

அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர், ஓரமெல்லாம் சுத்தமாக எடுத்தாகிவிட்டது என்றார். காலில் ஒரு தழும்பு, கையில் ஒரு நீளமான தழும்பு. தையல் பிரித்தார்கள், கட்டு மாற்றினார்கள், விரல் பயிற்சி கொடுத்தார்கள். விரல்கள் அசைந்தன. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

கட்டுப் பிரித்த வாரத்தில் ஒரு நாள் படக்காரர் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினார். கதவு சாத்தியிருக்கவில்லை. மனைவி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நாற்காலி முதுகில் பழைய திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் குஞ்சத்தைக் கத்தரியால் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் திறந்தன, மூடின. ஆனால் கை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. அதைத் திருப்ப முழங்கையைத் தூக்கினாள், தோளைத் தூக்கினாள், கடைசியில் உடம்பையே சாய்த்தாள். குஞ்சம் கோணலாக விழுந்தது. இன்னொரு தடவை. அதுவும் கோணல். கத்தரியைத் துடைத்து, அதன் தோலுறையில் போட்டு, பொத்தானை அமுக்கி மூடினாள். இவர் சத்தம் போடாமல் படியிறங்கிப் போய்த் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். கடைச் சாவியை மறுநாள் அவளே வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் அவரோடு சண்டை போடவில்லை, முகம் தூக்கவில்லை, சாப்பாடு போடாமல் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அக்கா வந்தபோது, "எல்லாம் என் அசட்டைதான்க்கா" என்று அவர் காதுபடவே பழைய மாதிரி சொன்னாள். ஒரு நாள் அவளுக்கு இருமல் வந்தது. "ஒண்ணுமில்ல, சளிதான்" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் மெல்ல நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவருடைய முடியைத் தெருக்கோடிக் கடைக்காரர் வெட்டினார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெட்டி எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். கைக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. இரண்டு வருடம் வரை இப்படியே.

முதல் தடவை அவள் சீட்டை வாங்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். படக்காரர் காலையிலிருந்து தயாராக இருந்தார். தன் ஈய எழுத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார், பலகையில் புதுத்தாள் விரித்திருந்தார். கட்டத்தை எவ்வளவு அகலம் வைக்க வேண்டும், எழுத்தை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் நூறு தடவை மனதில் எடுத்தாகிவிட்டது.

"வா" என்றார்.

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே கணினியில் பெயர் அடித்துக்கொண்டிருந்த இன்னொரு எக்ஸ்ரேக்காரப் பெண்ணைப் பார்த்தாள். போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"நீ எடுக்கறியாம்மா?"

அந்தப் பெண் திகைத்துப்போய்ப் படக்காரரைப் பார்த்தாள். "சார் இருக்காரே..."

"பரவாயில்ல, நீயே எடு." மனைவி அவர் பக்கம் திரும்பினாள். மற்றவர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு, "நீங்க வெளிய உக்காருங்க" என்றாள்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே நீளமான பெஞ்சு. பத்தொன்பது வருடம் எத்தனையோ பேரை அவர் உட்கார வைத்த பெஞ்சு, அவர் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். உள்ளே மெஷின் நகரும் சத்தம், "மூச்சப் புடிங்க", பிறகு "விடுங்க". சிவப்பு விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. ஒரு கைப்படத்துக்கும் ஒரு நெஞ்சுப் படத்துக்கும் இவ்வளவு நேரம் ஆகாது. மறுபடி எடுக்கிறாளா? ஏன் மறுபடி எடுக்கிறாள்? நெஞ்சையா, கையையா? 

கதவு திறந்தது. எழுந்து நின்றார். தன்னை மீறி வாய் திறந்துவிட்டது.

"எப்படி இருக்கும்மா? திரும்ப வந்திருக்கா? சும்மா சொல்லு."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும், பத்தொன்பது வருடமாக அவரே போட்டுக்கொண்டிருந்த முகம். நல்ல படத்துக்கும் அதுதான், கெட்ட படத்துக்கும் அதுதான். பார்த்துக் கண்டுபிடிக்க அதில் எதுவும் இல்லை.

"டாக்டர் பாத்து சொல்லுவார், சார்."

மனைவி சட்டைக் கைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். பெஞ்சில் அவர் பக்கத்தில் இருந்த இடத்தில் தன் பையை வைத்தாள். வைத்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.